வட்டத்துக்குள் புள்ளிகள்

என் நாத்தனார் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே "கை கழுவிட்டு வா" என்பதுதான். கல்யாணமாகி அந்த வீட்டு வாசலில் கால் வைத்த அன்று. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பயந்து வேர்த்தவர்கள் பிடித்த ஸ்டியரிங்கை நாள் முழுக்கத் தொட்டுவிட்டு வருகிறவள். அதனால் அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சொன்ன தோரணை இருக்கிறதே, எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் வீட்டுக்காரர் காதோரம் வந்து, "கோவிச்சுக்காத. என்னையே இவ்ளோ வருஷமா அப்படித்தான் உள்ள விடறா" என்றார்.

நேரில் அவளை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவேன். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, எல்லாம் உண்டு. மனசுக்குள் அவள் எப்போதும் அவள்தான். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இனிமேல் மரியாதை பார்த்து என்ன ஆகப்போகிறது?

மருந்துக்குச் சாகாத கிருமிகளை ஆராய்வது அவள் வேலை. ஒரு கிருமியின் மரபணுவை முழுக்கப் படித்து, அது எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று சொல்வாள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரே ஒரு மரபணுவைப் படிக்கவே மாதக்கணக்காகும். பிறகு இயந்திரங்கள் வந்தன. இன்று கொடுத்தால் நாளை முழுக் கிருமியையும் படித்துக் கையில் தந்துவிடும். சாக்கடைத் தண்ணீர், கோழிப்பண்ணைச் சாணி, ஆஸ்பத்திரி வாஷ்பேசின் அழுக்கு என்று உலகத்தில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற எல்லாவற்றையும் சின்னக் குப்பிகளில் பிடித்துக்கொண்டு வருவாள். மாமியார் உயிரோடு இருந்தவரை, "இவ கிருமியைக் கட்டிக்கிட்டா, எனக்கு எங்கிருந்து பேரன் பேத்தி?" என்று புலம்புவார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள். ஒரு கிருமி தான் கற்றுக்கொண்ட தந்திரத்தைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடுமாம். தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். "சொந்தம் பந்தம் எதுவும் பார்க்காது. கேட்காமலே கொடுக்கும்."

"அந்த நல்ல குணம் உன் மேல ஒட்டலையே அக்கா" என்றார் என் வீட்டுக்காரர். அவள் சிரித்துவிட்டாள். அவரைத் தவிர வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் நடந்திருப்பதே வேறு. அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவரைப் படிக்க வைத்தது, முதல் செருப்பு வாங்கித் தந்தது எல்லாம் அவள்தான். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, போட்டிதான்.

தொட்டதற்கெல்லாம் மருந்து தின்னாதீர்கள், கடைசியில் ஒன்றும் வேலை செய்யாது என்று தன் வாழ்க்கை முழுவதும் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கைதட்டுவார்கள், நினைவுப் பரிசு கொடுப்பார்கள், இருமல் வந்தால் மறுபடி கடைக்குப் போய்த் தாமாகவே மாத்திரை வாங்குவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "என் வாழ்க்கையில ஏற்ற இறக்கம் ஜாஸ்தி" என்று புதிதாகப் பார்க்கிற எல்லோரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன ஜோக். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை பார்த்தபோது சறுக்கி, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் விழுந்தார். தொடை எலும்பு ரெண்டாக உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தார். வாக்கர் பிடித்து நடக்கும்போது, "டீச்சர், முதல் கியர்லயே போறேன், திட்டாதீங்க" என்றார்.

பிறகு தையல் போட்ட இடத்தில் கசிவு. பிறகு காய்ச்சல். மறுபடி ஆஸ்பத்திரி. மருந்தை மாற்றினார்கள், பிறகு வேறு மருந்து, அதற்கும் மேலே ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய பாட்டில். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இது மருந்துக்கு மசியாத ரகம் என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் மசியாத கிருமி எதுவானாலும் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும். சொந்தக்காரர்களின் சாம்பிளை யாரும் தானே சோதிக்கக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டாம். அவள் கேட்கவில்லை. "என் தம்பியோடதை நான்தான் பார்ப்பேன். வேற யார் கைக்கும் விட மாட்டேன்" என்றாள். எனக்கு அது எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று தெரியும்.

முடிவு வந்த அன்று வார்டு வாசலில் மூன்று பேர் நின்றோம். எலும்பு டாக்டர், அவள், நான்.

"கால்ல இருந்துதான் ரத்தத்துக்குப் போயிட்டே இருக்கு" என்றார் டாக்டர். "கம்பி மேல படிஞ்சு கூடு கட்டியிருக்கு. காலை இடுப்புக்கிட்ட எடுத்துடலாம். இன்னைக்கே எடுத்தா உடம்பு தாங்கும். உயிர் தங்கும்னு நம்பறேன்."

"வேண்டாம் டாக்டர்" என்றாள் அவள். "இதுகிட்ட எல்லா மருந்துக்கும் பூட்டு இருக்கு, ஒண்ணே ஒண்ணைத் தவிர. அந்தப் பழைய மருந்துதான், கிட்னியைப் படுத்தும்னு யாரும் தொடமாட்டோமே, அது. அதை எதிர்க்க இதுகிட்ட எதுவும் கிடையாது. முழுசாப் படிச்சுட்டேன். தட்டுலயும் வளர்த்துப் பார்த்துட்டேன், சாகுது. கம்பியை மட்டும் எடுத்துட்டு இந்த மருந்தைக் கொடுங்க. கால் இருக்கட்டும்."

"எவ்வளவு நிச்சயம் மேடம்?"

"நிச்சயம்."

இந்த வார்த்தையை அவள் வாயில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. மழை வருமா அண்ணி என்று கேட்டால் வானம் கறுத்துக் கிடக்கும்போதுகூட "வாய்ப்பு இருக்கு" என்பாள். காப்பி நன்றாக இருக்கிறதா என்றால் "பரவாயில்லைன்னு தோணுது" என்பாள். அப்படிப்பட்டவள் நிச்சயம் என்றாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஏற்கனவே அரை மயக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் மட்டும் வேண்டாம்டி. ஏணி ஏற முடியாத லிஃப்ட்காரனை யார் கூப்பிடுவா?" என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏணியும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். ஒரு காலோ அரைக் காலோ, அவர் வீட்டில் உட்கார்ந்து பழைய ஜோக்கையே சொல்லிக்கொண்டு இருந்தால் போதும். அவள் "இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் காலை எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"அண்ணி சொல்றபடி பண்ணுங்க டாக்டர்" என்றேன்.

கம்பியை எடுத்தார்கள். மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது. சொல்லிவைத்தாற்போல் இறங்கியது. கண் திறந்து என்னைப் பார்த்து, "கிளட்சை மெதுவா விடும்மா" என்றார், நான் என் மாணவர்களிடம் கத்துகிற அதே குரலில். நர்ஸ் சிரித்தார். அவள் கட்டில் ஓரத்தில் நின்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கையுறைகூடப் போடாமல். அன்றைக்கு மதியம் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "நீ அவனை நல்லா வெச்சிருக்கே" என்றாள். என் தட்டிலிருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. கட்டிலே ஆடியது. ரத்த அழுத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. எலும்பு டாக்டரைக் கேட்டேன், காலை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இப்ப டேபிள் மேல போட்டா இறக்க முடியாதும்மா" என்றார்.

அவளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். பிறகு படியிறங்கி முற்றத்தைக் கடந்து அவள் கட்டடத்துக்கு ஓடினேன். நல்ல வெயில். வாசல் காவலர் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே வட்ட வட்டமாகப் பிளாஸ்டிக் தட்டுகள். என்னை உள்ளே வராதே என்று சொல்லவில்லை, கை கழுவு என்று சொல்லவில்லை. ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

"இது இன்னைக்கு எடுத்த ரத்தம். நடுவுல இருக்கறது மருந்து வில்லை. சுத்தி வெறிச்சுன்னு ஒரு வட்டம் தெரியுதா? அங்க கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம். அந்த வட்டத்துக்குள்ள பாரு."

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வட்டத்துக்குள் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள், நிறைய.

"அதெல்லாம் சாகாதது. ஒரே கிருமிதான், ஆனா ரெண்டு விதம். முக்கால்வாசி இந்த மருந்துக்குச் சாகும். சாகாதது கொஞ்சம், கூட்டத்துல ஒளிஞ்சிருக்கும். மருந்து மத்ததைக் கொன்னு, இதுக்கு இடம் பண்ணிக் கொடுத்துடுச்சு."

"நீங்க முழுசாப் படிச்சேன்னு சொன்னீங்களே அண்ணி."

"முழுசாத்தான் படிச்சேன். ஒண்ணை."

அவர்கள் வேலை செய்கிற முறையே அதுதானாம். தட்டில் கிருமி ஆயிரம் குவியலாக வளர்ந்திருக்கும். அதில் தனியாக நிற்கிற ஒரே ஒரு குவியலை எடுத்து, அதை மட்டும் சுத்தமாக வளர்த்து, அதைத்தான் படிப்பார்களாம். கலந்தால் படிக்க முடியாதாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உலகமே செய்கிற வேலைதான். பானையில் மற்ற சோறு வேறு மாதிரி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆனால் கதை அத்தோடு முடிந்திருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. அவள் இன்னொன்றும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"முதல் தட்டுலயே இருந்துது."

"என்ன இருந்துது?"

"புள்ளி. நாலஞ்சு. நான் பார்த்தேன்." தட்டைக் கீழே வைத்தாள். "வெளியில இருந்து விழுந்த அழுக்குன்னு நினைச்சேன். இத்தனை வருஷத்துல என் தட்டுல அழுக்கு விழுந்ததே இல்ல. தம்பி சாம்பிளாச்சே, கை நடுங்கியிருக்கும், அதான் விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். அதைத் தூக்கிப் போட்டுட்டு, மறுபடி ஒரே ஒரு குவியலை எடுத்து நிதானமா போட்டேன். சுத்தமா வந்துது. அதைப் பார்த்துத்தான் நிச்சயம்னு சொன்னேன்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, கை உயர்ந்தே விட்டது. அவள் நகரவில்லை. அடி என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் கை தானாகக் கீழே வந்துவிட்டது. இருவருமாக முற்றத்தைக் கடந்து வார்டுக்கு ஓடினோம். வேறு என்ன மருந்து கொடுக்கலாம் என்று அவள் டாக்டர்களோடு கத்திக்கொண்டிருந்தபோதே திரைக்குப் பின்னால் அவர் இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் ஒரே சுருதியில் கூவத் தொடங்கியது.

துக்கம் கேட்க வந்தவர்களில் அவளோடு வேலை செய்கிற ஒருவர், பாவம் நல்லெண்ணத்தோடுதான், "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார். "சறுக்கினது யானை. செத்தது என் வீட்டுக்காரர்" என்றேன். அதன் பிறகு யாரும் எனக்குப் பழமொழி சொல்லவில்லை.

ஒரு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. காலையில் காரை எடுப்பேன், யாராவது ஒருவருக்கு வண்டியைத் திருப்பச் சொல்லித் தருவேன், வருவேன். பக்கத்து இருக்கையில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் தப்புச் செய்தால் நான் மிதித்துவிடலாம். அந்த வார்டு வாசலில் என் காலடியில் அப்படி ஒன்று இல்லையே என்று நினைத்து நினைத்து ஒருநாள் நட்ட நடுச் சாலையில் காரணமே இல்லாமல் அழுத்தி மிதித்தேன். பின்னால் வந்தவர் என்னைத் திட்டிய திட்டு நியாயமானது.

அன்றைக்கே அவளிடம் போனேன். ஒரு முடிவோடு போனேன்.

"அதை எங்க வெச்சிருக்கீங்க?" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்றைத் திறந்தாள். வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்தது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பியை எடுத்தாள். அடியில் உறைந்த துளி. பேர் கிடையாது, ஒரு எண்தான்.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு. தூங்குது. சூடாக்கினா எழுந்துக்கும்."

"அவரை எரிச்சாச்சு. இதை மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றேன். "கொன்னுடுங்க. என் கண் முன்னால."

அவள் எண்மேல் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு, "வேற குப்பி கிடையாது. நகல் எடுக்கணும், மனசு வரலை. இந்த ஒண்ணுதான்" என்றாள். மூலையில், கிருமிகளை நீராவியில் வேகவைத்துக் கொல்லும் ஆவிக் கொப்பரையைக் காட்டினாள். "அதுல போட்டா செத்துடும். நீ சொன்னா போட்டுடறேன். எனக்கு உரிமை இல்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் மேஜையில் போன் அடித்தது. எடுத்தாள். எலும்பு டாக்டர் குரல் எனக்கே கேட்டது. ஏதோ தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் கால் மாட்டிய பெண். இருபது வயது. இதே கிருமிபோலத் தெரிகிறது, அந்தப் பழைய மருந்து கேட்குமா என்று கேட்டார்.

"ஒண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டேன் டாக்டர்" என்றாள் அவள். "நிறைய எடுத்துப் பார்க்கணும். பக்கத்துல இன்னொண்ணையும் வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும்." சொல்லும்போது அவள் கண் என்மேல் இருந்தது. போனை வைத்தாள்.

"இது பக்கத்துல இருந்தாத்தான் அதுல ஒளிஞ்சிருக்கறது தெரியுமா?" என்றேன்.

"தெரிய வாய்ப்பு இருக்கு" என்றாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கையுறையை அவளிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். குப்பியை வாங்கினேன். அவ்வளவு தடித்த கையுறைக்குள்ளும் சில்லென்று விரலில் ஏறியது. மறுபடி பெட்டிக்குள் அதன் குழியில் வைத்தேன். "சீக்கிரம் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு தினமும் அவளுக்கு ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினேன், "அந்தப் பொண்ணு?" என்று. அவளும் ஒரு வார்த்தையில் பதில் அனுப்புவாள். காய்ச்சல். பார்க்கிறேன். இன்னும் இல்லை. வேறொன்றும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. பயிற்சிக்கு வந்த அம்மாள் ஒருவர் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "புள்ளி இருந்துது. மருந்து கொடுக்க வேண்டாம்னு சொன்னேன். நேத்தே காலை எடுத்துட்டாங்க. பிழைச்சுட்டா. அவங்க அம்மா கால் போச்சே கால் போச்சேன்னு சொல்லி வார்டு வாசல்ல உருண்டு அழறாங்க."

காரை ஓரம் கட்டச் சொன்னேன். பயிற்சிக்கு வந்தவர், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு உயிர் தங்கியிருக்கிறது. அந்தக் குப்பியை என் கையால் திரும்ப வைத்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான். வரவில்லை. வார்டு வாசலில் உருண்டு அழுகிற அந்த அம்மாவை நினைத்து எனக்குப் பொறாமைதான் வந்தது.